முறிந்த மணவாழ்வும் மாற மறுக்கும் சட்டமும்

நாட்டின் எந்தவொரு மாவட்ட நீதிமன்றத்திலும் விவாகரத்து வழக்குகள் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும் தினத்தில் சிறிது நேரம் அமர்ந்திருப்பவர்கள் வழமையான ஒரு காட்சியைக் காண முடியும். கணவனோ மனைவியோ சாட்சிக் கூண்டில் ஏறி, மற்றவர் தன்னைத் தீய நோக்கத்துடன் கைவிட்டுச் சென்றுவிட்டதாகச் சத்தியஞ் செய்து கூறுவார். மற்றவர் அதனை மறுத்துரைக்க முன்வர மாட்டார். அநேக சந்தர்ப்பங்களில் அவர் நீதிமன்றத்துக்குச் சமுகமளித்திருக்கவும் மாட்டார். சில நிமிடங்களில் சாட்சியம் முடிவடைந்துவிடும். கணவனும் மனைவியும் தமக்குள் பேசி, உறவினரும் கூடிப் பேசி, இனிச் சேர்ந்து வாழ இயலாது என்ற முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டனர் என்பது அங்குள்ளவர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால், அந்த உண்மையை மாத்திரம் எவரும் நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. சொன்னால் வழக்குத் தள்ளுபடியாகிவிடும்.

உண்மையைச் சொல்பவருக்கு நிவாரணம் இல்லை, சட்டம் கேட்க விரும்பும் கதையைச் சொல்பவருக்கே நிவாரணம் உண்டு என்ற இந்த விசித்திரமான நிலைமை நீண்டகாலமாகவே எமது நாட்டில் நிலவி வருகின்றது. இதனை மாற்ற வேண்டுமென்ற குரல்கள் சட்டத்துறையினர் மத்தியிலிருந்தும் பெண்கள் அமைப்புகளிடமிருந்தும் காலத்துக்குக் காலம் எழுவதும், பின்னர் அவை அடங்கிப் போவதுமே வழமையாகிவிட்டன. விவாகரத்து அதிகரித்துச் செல்கின்றது என்று கவலைப்படும் நாம், விவாகரத்துப் பெறும் வழிமுறை எத்தகையது என்பதையும் அதனால் எவர் பாதிக்கப்படுகின்றனர் என்பதையும் சிந்திப்பதற்குத் தவறிவிடுகின்றோம்.

ஒரே நாட்டில் மூன்று வழிகள்

இலங்கையில் விவாகரத்துச் சட்டம் என்று பொதுவான ஒரு சட்டம் இல்லை. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஏற்புடையதாகும். கண்டியச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்து கொண்டவர்களுக்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஏனைய அனைவருக்கும், அதாவது கரையோரச் சிங்களவர்களுக்கும், வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு என எங்கு வாழ்ந்தாலும் தமிழர்களுக்கும், பறங்கியருக்கும் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமே ஏற்புடையது. நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட இந்தக் கட்டளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, விவாகத்தைக் கலைப்பதற்கு மூன்றே மூன்று காரணங்களை மாத்திரம் ஏற்றுக்கொள்கின்றது. திருமணத்தின் பின்னரான சோரம், தீய நோக்கத்துடனான கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீர்க்க முடியாத உடலுறவு இயலாமை என்பனவே அவையாகும்.

இந்த மூன்றில் கொடுமைப்படுத்தல் இடம்பெறவில்லை என்பது எமது வாசகர்கள் பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். நாள்தோறும் அடி உதைக்கு ஆளாகும் ஒரு மனைவி, அடிக்கின்றார் என்ற காரணத்துக்காக மாத்திரம் நேரடியாக விவாகரத்துக் கோர முடியாது. அந்தக் கொடுமை காரணமாகவே தான் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது, ஆதலால் வெளியேறியவர் தானாயினும் உண்மையில் கைவிட்டவர் கணவரே என்று அவர் நிரூபிக்க வேண்டும். நீதிமன்றங்கள் இத்தகைய நிலைமையை ஒருவகைக் கைவிடலாகக் கருதி நிவாரணம் அளித்து வந்துள்ளமை உண்மையே. ஆயினும், இது நீதிபதிகளின் வியாக்கியானத்தினால் கிடைத்த வழியேயன்றிச் சட்டம் நேரடியாகத் திறந்துவிட்ட வழியல்ல. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நடத்திய பெண்களின் நலன் தொடர்பான ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தமது வாழ்நாளில் துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு உள்ளாகியுள்ளனர். இந்த எண்ணிக்கையை 1907ஆம் ஆண்டின் மூன்று காரணங்களுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் சட்டத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான தூரம் புலனாகும்.

இதே நாட்டில் கண்டியச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்தவர்களுக்கு 1952ஆம் ஆண்டின் சட்டம் வேறொரு வழியைத் திறந்துவிட்டது. பரஸ்பர சம்மதத்தின் பேரிலும், ஓராண்டு காலம் பிரிந்து வாழ்வதன் மூலம் வெளிப்படும், மகிழ்ச்சியாகச் சேர்ந்து வாழ முடியாமை என்ற காரணத்தின் பேரிலும் விவாகத்தைக் கலைக்க அது இடமளித்தது. அதுவும் நீதிமன்றத்தில் அல்ல, மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிப்பதன் மூலமாகும். கண்டியச் சமூகம் இதனால் சீரழிந்துவிட்டதென எவரும் கூறியதில்லை. அவ்வாறாயின், கண்டியில் வாழும் ஒரு சிங்களத் தம்பதியினர் கௌரவமாகப் பிரிந்து செல்ல வழி இருக்கும்போது, அதே வீதியில் வாழும் ஒரு தமிழ்த் தம்பதியினர் ஒருவர் மீதொருவர் குற்றஞ்சுமத்தியே பிரிய வேண்டும் என்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

குற்றவாளியைத் தேடும் சட்டம்

எமது பொதுச் சட்டத்தின் அடிப்படை உரோம-டச்சுச் சட்டத்திலிருந்து வந்ததாகும். திருமணம் முறிந்தால் அதற்கு ஒருவர் குற்றவாளியாகவும் மற்றவர் குற்றமற்றவராகவும் இருக்க வேண்டும் என்பது அதன் எடுகோள். குற்றவாளியாகக் காணப்படுபவர் திருமணத்தினால் பெற்ற நன்மைகளை இழக்க நேரிடலாம் என்ற கோட்பாடும் அதனுடன் இணைந்தே வந்தது. இருவரும் சேர்ந்து பேசி ஏற்படுத்திக் கொண்ட வழக்கு என நீதிமன்றம் கண்டால் அது கூட்டுச்சதியாகக் கருதப்படும். ஒருவர் செய்த குற்றத்தை மற்றவர் மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்தக் குற்றத்தைப் பின்னர் காரணமாகக் காட்ட முடியாது. இதன் விளைவு என்னவெனில், குடும்பத்தைக் காப்பாற்றும் எண்ணத்துடன் கணவனின் தவறைப் பொறுத்துக் கொண்ட மனைவி, அந்தப் பொறுமைக்காகவே தனது உரிமையை இழக்கும் நிலை ஏற்படக்கூடும் என்பதாகும்.

1977ஆம் ஆண்டில் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் மேற்கொள்ளப்பட்ட திருத்தம் ஒரு நம்பிக்கையை ஏற்படுத்தியது. அதன் 608ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் பிரிந்து வாழ்வதற்கான தீர்ப்பாணையை வழங்கி இரண்டு ஆண்டுகள் கடந்த பின்னரோ, அல்லது தம்பதியினர் ஏழு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த பின்னரோ விவாகத்தைக் கலைக்குமாறு விண்ணப்பிக்க இடமுண்டு. 1984இல் அறிக்கையிடப்பட்ட ஒரு தீர்ப்பு, ஏழு ஆண்டுகால பிரிவு நிரூபிக்கப்பட்டால் எவருடைய தவறு என்று ஆராயத் தேவையில்லை என்ற கருத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால், 1986இல் வெளியான மற்றொரு தீர்ப்பு இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை எடுத்தது. 608ஆம் பிரிவு வெறும் நடைமுறை ஏற்பாடே, விவாகரத்துக்கான காரணங்களை 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே தீர்மானிக்கின்றது, ஆதலால் ஏழு ஆண்டுகள் பிரிந்திருந்தாலும் தவறு நிரூபிக்கப்பட வேண்டும் என அது கூறியது. இதனால், தவறை நிரூபிக்க முடியாதவர்களுக்குத் திறந்ததாகத் தோன்றிய கதவு மீண்டும் மூடப்பட்டது. பாராளுமன்றம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துத் தெளிவுபடுத்தியிருக்கக்கூடிய விடயம், தலைமுறைகளைக் கடந்தும் இழுபட்டு வருவது வேதனைக்குரியதாகும்.

இந்தச் சட்டத்தின் ஊற்றுக்கண்ணான உரோம-டச்சு மரபைப் பின்பற்றும் மற்றொரு நாடு தென்னாபிரிக்காவாகும். அந்த நாடு 1979ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின் மூலம் மீளச் சீர்செய்ய முடியாதவாறு திருமணம் முறிவடைந்திருத்தலை விவாகரத்தின் பிரதான அடிப்படையாக ஏற்றுக்கொண்டு, குற்றவாளியைத் தேடும் முறையைக் கைவிட்டது. இந்தியாவில் இந்து விவாகச் சட்டத்துக்கு 1976இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் பரஸ்பர சம்மதத்தின் பேரிலான விவாகரத்தை அனுமதித்தது. எமக்குச் சட்டங்களை எழுதித் தந்த பிரித்தானியரும் 2020இல் நிறைவேற்றி 2022 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய சட்டத்தின் மூலம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றச்சாட்டு எதுவுமின்றி விவாகரத்துப் பெற வழிசெய்துவிட்டனர். அவர்கள் விட்டுச் சென்றதை அவர்களே கைவிட்ட பின்னரும் நாம் மாத்திரம் அதனைக் கட்டிக் காத்து வருகின்றோம்.

வழக்கு நீளும்போது தேய்பவர் யார்?

விவாகரத்து வழக்கொன்று எதிர்ப்பின்றி முடிவடைந்தாலும், முதலில் இடைக்காலத் தீர்ப்பாணையே வழங்கப்படும். குறைந்தது மூன்று மாதங்களின் பின்னரே அது முற்றானதாக்கப்படும். இந்த மூன்று மாத அவகாசம் நியாயமானது. அவசரத்தில் எடுத்த முடிவை மீள்பரிசீலனை செய்வதற்கு அது உதவக்கூடும். ஆனால், ஒருவர் எதிர்த்து வழக்காடத் தொடங்கிவிட்டால் தவணைகளும் மேன்முறையீடுகளுமாக ஆண்டுகள் கரைந்துவிடும். சோரம் காரணமாகக் காட்டப்பட்டால் மூன்றாவது நபர் ஒருவரின் பெயரும் வழக்குக்குள் இழுக்கப்படும். வீட்டின் அந்தரங்கங்கள் யாவும் நீதிமன்றப் பதிவேட்டில் எழுதப்படும். நாளை வளர்ந்து பெரியவர்களாகும் பிள்ளைகள் வாசிக்கக்கூடியதாக அவை அங்கு நிலைத்திருக்கும்.

வழக்கு நீடிப்பது பொருளாதார பலமுள்ளவருக்குச் சாதகமாகவும் மற்றவருக்குப் பாதகமாகவுமே அமைகின்றது. தவறை நிரூபிக்க முடியாது என்பதைத் தெரிந்து கொண்ட ஒருவர் பேரம் பேச முற்படுகின்றார். தாபரிப்புப் பணம் வேண்டாம், சீதன வீட்டைத் திருப்பிக் கேட்க மாட்டேன், பிள்ளையை மட்டும் என்னிடம் விட்டால் போதும் என்று பெண் இறங்கிவர வேண்டியுள்ளது. சட்டப் புத்தகத்தில் அவளுக்குள்ள உரிமைகள் பலவும் இந்தப் பேரத்தில் பறிபோய்விடுகின்றன. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு, விவாகரத்தின்போது ஒருவரது நன்மைக்காகச் சொத்தை உறுதிப்படுத்தவோ, மொத்தத் தொகையாகவோ மாதாந்தமாகவோ பணம் செலுத்தவோ உத்தரவிடும் பரந்த அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்துள்ளது. ஆயினும், வழக்கின் முழுக் கவனமும் யார் குற்றவாளி என்பதிலேயே குவிந்திருப்பதால், பிரிந்த பின்னர் இருவரும் பிள்ளைகளும் எவ்வாறு வாழப் போகின்றனர் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டுவிடுகின்றது.

பொதுச் சட்டத்தின்படி கணவனின் சொத்து கணவனுக்கும் மனைவியின் சொத்து மனைவிக்கும் உரியதாகும். 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் இந்த நிலைமையை ஏற்படுத்தியபோது, பெண்ணின் சொத்துக்கு அது பாதுகாப்பாகவே அமைந்தது. ஆனால், இருபது ஆண்டுகள் சமைத்து, பிள்ளை வளர்த்து, மாமன் மாமியைப் பராமரித்த ஒரு பெண்ணின் பெயரில் எதுவுமே எழுதப்படாதிருந்தால், அந்த உழைப்புக்குச் சொத்தில் இயல்பான பங்கு எதனையும் இச்சட்டம் காணவில்லை.

தேசவழமையின் கையொப்பம்

வடமாகாணத் தமிழர்களுக்கு ஏற்புடைய தேசவழமை இந்த விடயத்தில் ஓரளவு முன்னேறியதாகவே இருந்தது. திருமணத்தின் பின்னர் சம்பாதித்த தேடிய தேட்டத்தில் இருவருக்கும் பங்குண்டு என்ற கோட்பாட்டை எமது முன்னோர் நீண்டகாலத்துக்கு முன்னரேயே ஏற்றுக்கொண்டிருந்தனர். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட அந்த வழமைகள் பெண்ணின் சீதனத்தைத் தனியான சொத்தாகவும் அங்கீகரித்தன. இதனையிட்டு நாம் பெருமைப்படலாம்.

ஆனால், இதன் மறுபக்கத்தையும் மறைக்க முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தனது சொந்தச் சீதனக் காணியையேனும் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவனுக்கு இத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லை. கணவன் கைவிட்டுச் சென்றிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாதிருந்தாலோ, சம்மதத்தை நியாயமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம் எனச் சட்டம் கூறுகின்றது. அதாவது, கணவன் வெளிநாடொன்றில் வேறொரு குடும்பத்துடன் வாழ்ந்து கொண்டிருக்க, இங்கே மகளின் படிப்புக்காகத் தனது தாய் தந்த காணியில் இரண்டு பரப்பை விற்பதற்கு ஒரு பெண் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

விவாகரத்துப் பெற்றால் இந்தத் தளை நீங்கிவிடும். ஆனால், விவாகரத்துப் பெறுவதற்கு அந்தக் கணவனுக்கு அழைப்பாணை சேர்ப்பிக்க வேண்டும். இருக்கும் நாடு தெரிந்தாலும் முகவரி தெரியாது. முகவரி தெரிந்தாலும் அவர் அதனைப் பெற்றுக்கொள்ள மாட்டார். பதில் வழியிலான சேர்ப்பிப்புக்கு நீதிமன்ற அனுமதி பெறுவதற்கே காலம் கடந்துவிடும். யுத்த காலத்தில் எமது இளைஞர்கள் நாட்டை விட்டு வெளியேறிய வேகத்தில் எத்தனையோ திருமணங்கள் காகிதத்தில் மாத்திரம் எஞ்சி நிற்கின்றன என்பது எமது கிராமங்களை அறிந்த எவருக்கும் தெரியும்.

இவர்களை விடவும் துயரமான நிலையில் இருப்பவர்கள் காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியராவர். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணங்களைப் பதிவு செய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் பெறுவதென்பது, உண்மை கண்டறியப்படாமலேயே கணவனின் மரணத்தைத் தாமே ஏற்றுக்கொள்வதாகும் என அவர்களில் பலர் மறுத்துவிட்டனர். 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழை அறிமுகப்படுத்தியது. சொத்துக்களை நிர்வகிப்பதற்கும் நலன்களைப் பெறுவதற்கும் அது உதவுகின்றது. ஆனால், அவர்கள் விதவைகளும் அல்லர், விவாகரத்துப் பெற்றவர்களும் அல்லர். அவர்களில் எவரேனும் ஒரு புதிய வாழ்வைத் தேட விரும்பினால், சட்டமும் சமூகமும் சேர்ந்தே அதற்குத் தடையாக நிற்கின்றன. கணவனுக்காகக் காத்திருப்பதும் காத்திருக்காமல் விடுவதும் அந்தப் பெண்ணின் தெரிவாக இருக்க வேண்டுமேயன்றி, எமது தெரிவாக இருக்கக் கூடாது.

முஸ்லிம் சட்டமும் நீளும் காத்திருப்பும்

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றங்களே இவ்விடயங்களைக் கையாள்கின்றன. கணவன் காரணம் கூறாமலேயே தலாக் மூலம் விவாகத்தை முடிவுறுத்த முடியும். மனைவி பஸஹ் கோரும்போது கணவனின் தவறைச் சாட்சிகளுடன் நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தைச் சீர்திருத்துவது குறித்து ஆராய்வதற்காக 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, 2018 ஜனவரியில்தான் தனது அறிக்கையைக் கையளித்தது. குழுவினுள்ளேயே கருத்து வேறுபாடுகள் இருந்தன. அந்த மாற்றங்கள் எத்தகையனவாக அமைய வேண்டும் என்பதை அந்தச் சமூகத்தின் அறிஞர்களும், அதனிலும் முக்கியமாக அந்தச் சமூகத்தின் பெண்களும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். ஏனைய சமூகத்தவர்கள் தமது சட்டத்திலுள்ள குறைகளை மறந்துவிட்டு, முஸ்லிம் சட்டத்தை மாத்திரம் சுட்டிக்காட்டி அரசியல் இலாபம் தேடுவதை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 12ஆவது உறுப்புரையில் சமத்துவத்தை உறுதிப்படுத்துகின்றது. ஆனால், அதே அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை, ஏற்கெனவே நடைமுறையிலிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் அவை வலுவுடையன எனக் கூறிவிடுகின்றது. 1907, 1911, 1951 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் யாவும் இந்தக் குடையின் கீழேயே பாதுகாப்பாக இருக்கின்றன. ஆகவே, பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் சென்று இச்சட்டங்களைச் செல்லுபடியற்றதாக்க முடியாது. பாராளுமன்றம் விரும்பினால் மாத்திரமே மாற்றம் வரும்.

மாறிவரும் குடும்பம்

விவாகரத்துகள் பெருகுவதற்கு மேலைத்தேயக் கலாசாரமும் தொலைக்காட்சி நாடகங்களும் கைத்தொலைபேசியுமே காரணம் என்று மேடைகளில் கூறப்படுவதை நாம் அடிக்கடி கேட்கின்றோம். இவை முற்றிலும் தவறென்று கூற முடியாது. ஆனால், இவற்றை விட ஆழமான காரணங்கள் எமது பொருளாதாரத்துக்குள்ளேயே இருக்கின்றன. பொருளாதார நெருக்கடி வெடித்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைவாய்ப்புக்காக வெளிநாடு சென்றனர். கணவன் ஒரு நாட்டிலும் மனைவி மற்றொரு நாட்டிலும் பிள்ளைகள் பாட்டியிடமும் வளரும் குடும்பங்கள் எம்மத்தியில் ஏராளம். நுண்கடன் தவணைக்காகக் கணவனும் மனைவியும் தினமும் மோதிக்கொள்வதும், குடிப்பழக்கம் ஒரு வீட்டின் வருமானத்தை விழுங்குவதும் கலாசாரப் பிரச்சினைகள் அல்ல. நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பெண் தலைமைத்துவக் குடும்பமாக இருப்பதும் கலாசார மாற்றத்தினால் மாத்திரம் நேர்ந்ததல்ல.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. பெண்கள் கல்வி கற்று வேலைக்குச் செல்லத் தொடங்கியுள்ளனர். முன்னர் சகித்துக் கொண்டவற்றை இன்று சகித்துக் கொள்ள மறுக்கின்றனர். இதனைக் குடும்பத்தின் சிதைவு என்று மாத்திரம் பார்ப்பது ஒருபக்கப் பார்வையாகும். எமது பாட்டிமாரின் காலத்தில் விவாகரத்து அரிதாக இருந்தது என்பதை எண்ணிப் பெருமைப்படுபவர்கள், அந்தக் காலத்தில் மகிழ்ச்சியற்ற திருமணங்களும் அரிதாகவே இருந்தன என்று கூற முடியுமா? கிணற்றடியில் அழுது முகம் கழுவிவிட்டு வந்து அடுப்பு மூட்டிய பெண்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நீதிமன்றம் செல்லாமலேயே ஆண்டுக்கணக்காகப் பிரிந்து வாழ்பவர்களின் கணக்கும் விவாகரத்து எண்ணிக்கையில் சேர்வதில்லை.

எமது மொழியே இதற்குச் சாட்சி கூறுகின்றது. கணவனைப் பிரிந்து வந்தவளுக்கு 'வாழாவெட்டி' என்று ஒரு பெயரை வைத்திருக்கும் நாம், மனைவியைப் பிரிந்து வந்தவனுக்கு எந்தப் பெயரையும் வைக்கவில்லை. அவனுக்கு ஆறு மாதங்களில் புதிய சம்பந்தம் பேசப்படுகின்றது. அவளோ தங்கையின் கல்யாண வீட்டில் ஆலத்தித் தட்டைத் தொடவும் தயங்கி ஒதுங்கி நிற்க வேண்டியுள்ளது. சட்டத்தைத் திருத்துவதற்குப் பாராளுமன்றம் வேண்டும். இந்தச் சொல்லைக் கைவிடுவதற்கு எவருடைய அங்கீகாரமும் தேவையில்லை.

அச்சங்களும் பாதுகாப்புகளும்

விவாகரத்தை இலகுவாக்கினால் குடும்பம் என்ற அமைப்பே குலைந்துவிடும் என்ற அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. மதத் தலைவர்கள் உள்ளிட்ட பலர் நேர்மையாகவே இதனை எண்ணிக் கவலைப்படுகின்றனர். மற்றொரு அச்சம் பெண்கள் மத்தியிலிருந்தே எழுகின்றது. தவறு நிரூபிக்கத் தேவையில்லை என்றாகிவிட்டால், பதினைந்து ஆண்டுகள் கூடி வாழ்ந்த மனைவியை ஒருவன் எந்தக் காரணமுமின்றி உதறிவிட்டுச் செல்வதற்குச் சட்டமே துணைபோய்விடும் அல்லவா என்று அவர்கள் கேட்கின்றனர். இது மிகவும் நியாயமான கேள்வியாகும்.

இதற்கான விடை, முறிந்துபோன திருமணத்தைக் காகிதத்தில் கட்டிவைப்பதல்ல. பிரிந்து செல்பவர் தனது பொறுப்புகளிலிருந்து பிரிந்து செல்ல முடியாதவாறு செய்வதே அதற்கான விடையாகும். தாபரிப்பு, குடியிருக்கும் வீடு, பிள்ளைகளின் கல்வி என்பன தீர்க்கப்படாமல் விவாகரத்துத் தீர்ப்பாணை முற்றானதாக்கப்படக் கூடாது என ஏற்பாடு செய்யலாம். வீட்டுப் பணியையும் பிள்ளை வளர்ப்பையும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்பாகக் கணிக்கலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும், குறித்த நிபந்தனைகளின் கீழ் 25 வயது வரையான வளர்ந்த பிள்ளைகளுக்கும் தாபரிப்புப் பெற வழிசெய்துள்ளது. சம்பளத்திலிருந்து பணத்தை அறவிடவும், செலுத்தத் தவறுபவரைச் சிறையிலிடவும் அதில் இடமுண்டு. ஆனால், கூலித் தொழிலாளியாகவோ சுயதொழில் செய்பவராகவோ, வெளிநாட்டில் வசிப்பவராகவோ உள்ள ஒருவரிடமிருந்து அதனை அறவிடுவது நடைமுறையில் பெரும் சிரமமாகும். மாதாமாதம் நீதிமன்றப் படியேறும் தாயின் பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் கிடைக்கும் பணத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடுகின்றன. இதற்கென அரசாங்க நிதியமொன்றை உருவாக்கி, முதலில் தாய்க்கும் பிள்ளைக்கும் பணத்தை வழங்கிவிட்டு, பின்னர் உரியவரிடமிருந்து அரசே அறவிடும் முறையைப் பற்றிச் சிந்திக்கலாம்.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பிள்ளையின் நலனே முதன்மையானது என்ற கோட்பாட்டை எமது நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆனால், தந்தைக்கே முன்னுரிமை என்ற உரோம-டச்சு மரபின் நிழல் இன்னும் சட்டத்திலிருந்து முற்றாக அகற்றப்படவில்லை. பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடம், கொடுக்கல் வாங்கல் வழக்குகளும் காணி வழக்குகளும் நடைபெறும் அதே மண்டபமாக இருப்பது பொருத்தமற்றது. பயிற்றப்பட்ட உளவள ஆலோசகர்கள் கடமையாற்றும், தமிழிலும் சிங்களத்திலும் தடையின்றி இயங்கும் தனியான குடும்ப நீதிமன்றங்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் தேவை. கொழும்பிலும் மலையகத்திலும் தமிழ்ப் பெண்ணொருவர் தனது வாழ்வின் மிக அந்தரங்கமான துயரத்தை மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் ஊடாகச் சொல்ல வேண்டியிருப்பது இன்றும் தொடரும் அவலமாகும். அதேவேளை, சமரச முயற்சி எல்லா வழக்குகளுக்கும் கட்டாயமாக்கப்படக் கூடாது என்பதையும் வலியுறுத்த விரும்புகின்றோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெற்ற ஒரு பெண்ணை, அடித்தவனோடு மீண்டும் ஒரே மேசையில் அமரச் செய்வது சமரசமாகாது.

செய்ய வேண்டியது என்ன?

மீளச் சீர்செய்ய முடியாதவாறு திருமணம் முறிவடைந்திருத்தலை விவாகரத்துக்கான அடிப்படையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற யோசனை எமது நாட்டுக்குப் புதியதல்ல. விவாகம், விவாகரத்து தொடர்பாக ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை 1959ஆம் ஆண்டிலேயே பாராளுமன்ற வெளியீடாக வெளிவந்தது. அதன் பின்னர் சட்ட ஆணைக்குழுவும் இத்திசையில் யோசனைகளை முன்வைத்தது. அரசாங்கங்கள் மாறின, நீதியமைச்சர்கள் மாறினர், 1907ஆம் ஆண்டின் 19ஆம் பிரிவின் மூன்று காரணங்கள் மாத்திரம் மாறவில்லை. வாக்குகளைப் பெற்றுத் தராத, ஆனால் எதிர்ப்புகளைச் சம்பாதித்துத் தரக்கூடிய விடயம் என்பதாலேயே இது ஒவ்வொரு தடவையும் ஒத்திவைக்கப்பட்டு வந்துள்ளது என்று கூறினால் அது மிகையாகாது.

குறைந்தபட்சம் மூன்று காரியங்களை உடனடியாகச் செய்ய முடியும். குறிப்பிட்ட காலம் பிரிந்து வாழ்ந்தவர்களுக்கும், பரஸ்பர சம்மதத்துடன் பிரிய விரும்புவோருக்கும் குற்றச்சாட்டின்றி விவாகரத்துப் பெற 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் இடமளிக்கலாம். கொடுமைப்படுத்தலைத் தனியான காரணமாகச் சேர்க்கலாம். தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணின் சொந்தச் சொத்துக்குக் கணவனின் கையொப்பம் வேண்டும் என்ற ஏற்பாட்டை நீக்கலாம். இறுதியாகக் கூறியதற்கு வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்களே முன்னின்று குரல் கொடுக்க வேண்டும். எமது தனித்துவத்தின் அடையாளமான தேசவழமையைப் பாதுகாப்பதென்பது அதிலுள்ள அநீதியையும் சேர்த்துப் பாதுகாப்பதாகாது. தேடிய தேட்டத்தில் மனைவிக்குப் பங்களித்த மரபின் வாரிசுகள், அவளது கையொப்பத்துக்கும் மதிப்பளிப்பதே பொருத்தமாகும்.

திருமணம் புனிதமானது என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அந்தப் புனிதம் இருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்வதில் தங்கியிருக்கின்றதேயன்றி, சேர்ந்து வாழ முடியாத இருவரைச் சட்டத்தினால் பிணைத்து வைப்பதில் அல்ல. நல்ல குடும்பங்களை உருவாக்கும் பொறுப்பு பெற்றோருக்கும் பாடசாலைகளுக்கும் சமயங்களுக்கும் உரியது. முறிந்துபோனவற்றிலிருந்து மனிதர்கள் கௌரவத்துடன் வெளியேற வழிசெய்யும் பொறுப்பு சட்டத்துக்கு உரியது. சத்தியஞ் செய்துவிட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறும் ஒருவர் அங்கே உண்மையைச் சொல்லக்கூடிய நிலையையாவது ஏற்படுத்திக் கொடுக்க ஆட்சியாளர்கள் முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.